‘எத்தனை தடவை சொல்வது?’: ஆட்டிசமும் வாய்மொழிக் கட்டளையும்



வாய்ப்பேச்சின் குறையைப் பற்றிப் பேச இந்தத் தென்காசி வட்டாரத்தைப் போலத் தோதில்லாத இடம் வேறு கிடையாது. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் கழித்த குற்றாலம் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். பாட்டை வாய்விட்டுச் சொல்லிக் காது வழியாக அனுபவிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையைப் பழக்கியவர் அவர். பேச்சை ரசிக்கிற ஊர் இது; பேச்சாலேயே வேலை வாங்குகிற ஊரும் கூட. ஒரு காரியத்தை எழுதிக் கொடுத்தால், "ஏன், வாயால சொன்னா ஆகாதோ?" என்று கேட்பார்கள். வாயால் சொன்னால் ஆகாதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் ஃபைலில் முதல் காகிதம் பெரும்பாலும் காது மூக்கு தொண்டை மருத்துவருடையதாக இருக்கும். கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. காதில்தான் கோளாறு என்று நினைத்து முதலில் அங்கே போகிறார்கள். கேட்கும் திறனுக்கான பெரா டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் காது சரியாக இருக்கிறது. "அடுத்த ரூம்ல பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா ஓடி வாரான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கான்" என்பார்கள். இந்தக் குழப்பம் புதிதல்ல. 1943-இல் லியோ கானர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பதினொரு பேரிலும் சிலரை முதலில் காது கேளாதவர்கள் என்றே எண்ணியிருந்தார்கள்.

காது சரி என்று தெரிந்ததும் வீட்டில் நிம்மதி வர வேண்டும். வருவதென்னவோ கோபம். கேட்கிறதல்லவா, பிறகு ஏன் செய்யவில்லை? பிடிவாதம், திமிர், ஆச்சி கொடுத்த செல்லம். அதுவரை பரிதாபத்துக்குரியவனாக இருந்த பிள்ளை, ஒரு பரிசோதனை முடிவுக்குப் பிறகு சொல்பேச்சுக் கேட்காதவன் ஆகிவிடுகிறான். அடி விழ ஆரம்பிப்பதும் பல வீடுகளில் அதற்குப் பிறகுதான்.

ஒலி காதில் விழுவதற்கும் கை காரியத்தைச் செய்வதற்கும் நடுவில் எவ்வளவோ நடந்தாக வேண்டும். நமக்கு அது நடப்பதே தெரியாது. சுற்றியுள்ள சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க வேண்டும். அது நம்மிடம் சொல்லப்பட்டது என்று உணர வேண்டும். சொற்களுக்குப் பொருள் கண்டு, பொருளுக்குப் பின்னால் உள்ள எதிர்பார்ப்பைப் பிடித்து, வரிசையை மனத்தில் நிறுத்தி, செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டுப் புது வேலைக்குக் கை மாற வேண்டும். இதில் எந்த இடத்தில் தட்டினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: சொன்னதைச் செய்யவில்லை. எங்கே தட்டியது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆட்டிச நிலையாளர்களில் பேச்சைத் தெளிவாகப் பின்தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்தைவிடப் பேச்சே எளிது என்பவர்களும் உண்டு. ஆனால் வாய்மொழிக் கட்டளையில் திணறுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்ல.

ஒரு வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது. ஆச்சி பேரனிடம் சொன்னார்: "எய்யா, அடுப்படிக்குப் போயி, அந்தத் தூக்குவாளிய எடுத்துக் கழுவிட்டு, அத்தை வீட்டுல மோரு வாங்கிட்டு, வரும்போது கடையில கறிவேப்பிலை கேட்டு வாங்கிட்டு வா." பையனுக்கு ஒன்பது வயது. அவன் எழுந்தான். நேராக ஆச்சியின் முன்னால் வந்து நின்றான். ஆச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு அவன் செய்தது சரியாகவே பட்டது. அந்த நீளமான வாக்கியத்தில் அவன் கையில் அகப்பட்டது கடைசிச் சொல் மட்டும். ‘வா’ என்றார்கள், வந்துவிட்டான்.

தமிழில் கட்டளையிடும்போது நாம் வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறோம் என்று இதற்குப் பிறகு கவனித்துப் பாருங்கள். போய், எடுத்து, கழுவி, வாங்கி என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போகிறோம். முற்று கடைசியில்தான் வருகிறது. அதுவரை கேட்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். செய்யாதே என்பதும் கடைசியில்தான் வரும். ‘ரோட்டுல இறங்கி ஓடாதே’ என்பதில் முக்கால்வாசி வாக்கியம் இறங்கி ஓடச் சொல்வது போலவே இருக்கிறது. இது மொழியின் குற்றம் இல்லை. நாம் வாக்கியத்தைப் பிய்த்துத் தரத் தயங்குகிறோம். "தூக்குவாளியை எடு." எடுத்த பிறகு, "கழுவு." கழுவிய பிறகு அடுத்தது. ஆச்சிக்கு இது பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், மறுக்கவில்லை.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியரை இங்கே சிலர் அறிந்திருப்பீர்கள். ஆட்டிச நிலையாளர், கால்நடைகளைக் கையாளும் அமைப்புகளை வடிவமைப்பதில் உலகப் பெயர் பெற்றவர். 1995-இல் வந்த தம் நூலில் ஒரு சாதாரணச் செய்தியைச் சொல்கிறார். பெட்ரோல் பங்கில் நிறுத்தி வழி கேட்டால் மூன்று படிகள் வரைதான் அவர் நினைவில் நிற்கும்; அதற்கு மேல் போனால் எழுதிக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற, நூற்றுக்கணக்கான மேடைகளில் பேசுகிற ஒருவருக்கு மூன்று படி. ஒன்பது வயதுப் பையனிடம் ஆச்சி கேட்டது ஐந்து.

பேச்சுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு: சொன்ன மறுகணம் அது அங்கே இருப்பதில்லை. எழுத்துக்கும் படத்துக்கும் கண் திரும்பப் போகலாம். பேச்சைத் திரும்பப் பெற, சொன்னவரிடம் மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் திட்டு விழும். அல்லது அவர் வேறு சொற்களில் சொல்வார். இந்த இரண்டாவதுதான் பெரிய தொல்லை. பிள்ளை முதல் வாக்கியத்தை மெல்லக் கோத்துக்கொண்டிருக்கும்போது நாம் இரண்டாவதை வேறு மாதிரி, கொஞ்சம் உரத்து, வேகமாகச் சொல்கிறோம். அவன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு மூன்று விதமாக விளக்குகிற அப்பா, ஒரு கட்டளையை மூன்று கட்டளையாக்குகிறார். ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள். மறுபடி சொல்வதானால் அதே சொற்களில், அதே குரலில் சொல்லுங்கள். நான் பெற்றோருக்குத் தருகிற யோசனைகளில் இதுதான் மிக மலிவானது. கடைப்பிடிப்பதற்கு மிகக் கஷ்டமானதும் இதுதான்.

"சொன்னதைத் திருப்பிச் சொல்லு பார்ப்போம்" என்று ஆசிரியர்கள் சோதிக்கிறார்கள். பையன் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிடுகிறான்: ‘செருப்பைக் கழட்டி வெளிய வச்சிட்டு உள்ள வா.’ சொல்லிவிட்டுச் செருப்போடு உள்ளே வருகிறான். ஆசிரியருக்குத் தன்னைக் கேலி செய்வதாகத் தோன்றுகிறது. கேட்ட ஒலியை அப்படியே திருப்பித் தருவது ஆட்டிசத்தில் வழக்கமாகக் காணப்படும் ஒன்று; பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அது ரசீது ஆகாது. "என் முகத்தைப் பார்த்துக் கேளு" என்பதும் இப்படித்தான். எதிராளியின் கண்ணைப் பார்ப்பதற்கே தங்கள் கவனம் முழுவதும் செலவாகிவிடுகிறது, சுவரைப் பார்த்தால்தான் காதில் விழுவது புரிகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் ஜன்னலைப் பார்க்கிறவன் கவனிக்கவில்லை என்று தீர்ப்பெழுத அவசரம் வேண்டாம்.

சுற்றி வளைத்துச் சொல்வது நம் பக்கத்துப் பண்பாடு. மரியாதையும் அதில்தான் இருக்கிறது. "வெளக்கு வைக்கிற நேரமாச்சு" என்று அம்மா சொன்னால், விளையாட்டை நிறுத்து, கைகால் கழுவு, புத்தகத்தை எடு என்று மூன்று உத்தரவுகள் அதில் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள மகள், "ஆமா, ஆறரை" என்று மணியைச் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்கிறாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அம்மா நினைக்கிறார். தன்னிடம் சொன்ன ஒரு தகவலை ஆமோதித்ததாக மகள் நினைக்கிறாள்.

இனி சத்தம். இதற்குக் குற்றாலத்தை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

அதற்கு முன் ஓர் ஆய்வு. 2004-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அறிவுத்திறன் குறைவில்லாத ஆட்டிச நிலையாளர்களைக் கொண்டு இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். இரைச்சல் ஏறி இறங்கும்போது நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் கிடைக்கும். மற்றவர்கள் அந்த இடைவெளியில் பேச்சைப் பொறுக்கிக்கொள்கிறார்கள். ஆட்டிச நிலையாளர்களுக்கு அது அவ்வளவு கைகொடுக்கவில்லை. பேச்சு இன்னும் உரக்க வந்தால்தான் பிடிபட்டது. சோதனை நடந்தது அமைதியான அறையில், ஹெட்போனும் கருவிகளும் வைத்து. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை குற்றாலப் பேரருவிக்கு அது எந்த மூலைக்கு? கொட்டுகிற தண்ணீர், போலீஸ் விசில், ஒலிபெருக்கி அறிவிப்பு, ஈரப் பாறையில் வழுக்குகிறவர்களின் கூச்சல், நேந்திரம் சிப்ஸ் கடைக்காரரின் அழைப்பு எல்லாம் சேர்ந்து ஒரே ஒலி. தோளில் இடிக்கிற ஆட்களும் தலையில் சம்மட்டி போல விழுகிற தண்ணீரும் தனிக் கணக்கு. இதற்கு நடுவில் "கைய விட்றாத, கம்பியப் பிடிச்சிக்கோ, வரிசை நகந்ததும் வெளிய வந்துரு" என்று ஒருவர் கத்துகிறார்.

அருவிக்கரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. பிள்ளை சின்னவனாக இருக்கும்வரை அம்மா தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகிவிட்டால் முடியாது. அவன் மாமாவோடோ சித்தப்பாவோடோ ஆண்கள் பக்கம் போக வேண்டும். அவன் எப்போது பயப்படுவான், எந்தச் சொல்லுக்கு அசைவான், தண்ணீரை விட்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அறிந்த ஒரே ஆள் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று கத்திக்கொண்டிருப்பார். இந்த ஊரில் ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் சாரல் காலத்தில் சொந்தக்காரர்கள் வந்தால் அருவிக்குப் போவதையே தவிர்ப்பதற்கு இது ஒரு காரணம். பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு குளிக்கப் போகாத குடும்பங்கள்.

அப்படி ஓர் அம்மாவோடு சேர்ந்து ஏற்பாடு செய்தோம். போவதற்கு நாலைந்து நாள் முன்பே மொபைலில் படம் எடுத்துக் காட்டினார்: பேருந்து, செருப்பு விடுகிற இடம், எண்ணெய்க் கடை, வரிசை, அருவி, துண்டு, சிப்ஸ் பொட்டலம். இந்த வரிசையில் தினமும் இரவு பார்த்தார்கள். மாமாவுக்கு ஒரே நிபந்தனை: அருவிக்குள் பேசக்கூடாது. தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் நகர வேண்டும். சிவப்புத் துண்டை விரித்துக் காட்டினால் குளியல் முடிந்தது. துண்டுக்கு அப்புறம் சிப்ஸ் என்பது படத்திலேயே இருக்கிறது, வாதம் இல்லை. மாமாவுக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது சிரமமாக இருந்ததாம்.

பார்வைக்கு வைக்கிற அறிவிப்பின் பலத்தை இதே பேரருவி வேறொரு விதத்திலும் காட்டுகிறது. ‘பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை’ என்று சீசன் தோறும் பத்திரிகையில் படிக்கிறோம். அந்த வளைவு யாரிடமும் பேசுவதில்லை. எந்த மொழிக்காரரும் நின்று பார்த்து, தண்ணீர் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். எல்லா அருவிக்கும் அப்படி வாய்க்கவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். மக்கள் விழுந்தடித்து ஓடிய காட்சியை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் கத்துவதைத் தவிர வேறு எச்சரிக்கை கைவசம் இல்லை என்றால், கத்தலைப் பிரித்துணர முடியாதவர்கள் அங்கேயே நிற்பார்கள். ஆட்டிசப் பிள்ளைகள் மட்டுமல்ல. காது மந்தமான தாத்தாவும், தமிழ் தெரியாத கேரளத்துப் பயணியும் சேர்ந்து நிற்பார்கள். சுழலும் சிவப்பு விளக்கும் கொடியும் எல்லா அருவிகளிலும் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை.

படம் வைத்துச் சொல்வதை முறையான கல்வியாக வளர்த்தவர்களில் எரிக் ஷாப்ளர் முதன்மையானவர். 1972-இல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலம் முழுவதற்குமான திட்டமாக அவருடைய ‘டீச்’ தொடங்கியது. நாளின் வேலைகளைப் படமாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவது, முடித்ததை எடுத்து ஒரு பெட்டியில் போடுவது, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வைப்பது. உலகம் முழுக்கப் பரவிய இந்த ஏற்பாட்டுக்கு வெள்ளைத்தாளும் பசையும் போதும். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் சித்திரத்தால் பெயர் பெற்ற சபையை வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு, பள்ளிக்கூடச் சுவரில் நாலு படம் ஒட்டச் சொன்னால் மட்டும் ஏனோ குழந்தைத்தனமாகத் தெரிகிறது. படம் வைத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் பெற்றோரிடம் இருக்கிறது. நான் பார்த்தவரையில் நடப்பது நேர்மாறு. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்து பதற்றம் அடங்கிய பிள்ளைக்குத்தான் பேச்சில் கவனம் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-க்குத் தருகிற மதிப்பீடு, 127 பேருக்கு ஒருவர் ஆட்டிச நிலையாளர் என்பது. அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 14 லட்சம் மக்களுள்ள தென்காசி மாவட்டத்தில் பதினோராயிரம் பேராவது இருக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் தென்காசிக்கு பஸ் ஏறி வந்து சிகிச்சையாளரைப் பார்க்கப் போவதில்லை. சிகிச்சையாளர்தான் கிராமத்துக்குப் போக வேண்டும். அதற்கு வழிகாட்டி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்; 1992-இல் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தவர் ராமகிருஷ்ணன். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தச் சங்கத்தின் களப்பணியாளர்கள் சிறு குழந்தைகளின் வீடுகளுக்கே போய்ப் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலியில் பதிவு செய்ய, நிபுணர்கள் தூரத்திலிருந்து பார்த்து வழிசொல்கிறார்கள். வீட்டுக்குப் போனால்தான் தெரியும், அந்த வீட்டில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரு குழந்தையிடம் பேசுகிறார்கள் என்று. தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ நல்ல தொடக்கம்.

பழி முழுவதையும் ஆட்டிச நிலையாளர் தலையில் போடுவதற்கு எதிரான சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டனும் உடன் ஆய்வாளர்களும் எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லவைத்தார்கள். 2020-இல் வெளியான முடிவு: ஆட்டிச நிலையாளர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையைப் போலவே நன்றாகக் கடந்து போனது, இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. பிறகு இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. முதல் முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது எங்கள் துறையில் இப்போது நாகரிகம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டிலும் மாறாமல் நிற்கிற செய்தி, ஆட்டிச நிலையாளர்களின் வரிசை தோற்கவில்லை என்பது. அமைதியான இடம், சொல்ல வேண்டியது என்ன என்பதில் தெளிவு, அவசரப்படுத்தாத எதிராளி ஆகியவை இருந்தால் நிலைமை மாறக்கூடும் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

கடைசியாக, வளர்ந்தவர்கள். ஆட்டிசத்தைக் குழந்தைகளின் விஷயமாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றது. அரசு வேலைக்கான நான்கு சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து ஒரு சதவீதத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சட்டம் இன்னொன்றையும் தருகிறது: ஒருவரின் நிலைக்கேற்ற மாற்று ஏற்பாட்டை, நிறுவனத்துக்குத் தாங்கமுடியாத சுமை ஆகாதவரை, செய்து தர வேண்டும். சாய்தளம் கட்டுவது அதில் சேரும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. உத்தரவை எழுத்தில் தருவதும் சேரும் என்றால் ஆச்சரியப்படுகிறார்கள். சாய்தளத்துக்கு சிமெண்ட் வேண்டும்; இதற்கு ஒரு துண்டுச் சீட்டு.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதிகாரி படியில் இறங்கிக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே, இவரைப் பார்த்து நாலு வேலை சொல்லிவிட்டுப் போவார். இரண்டு நடக்கும், இரண்டு விட்டுப்போகும். ஒரு நாள் மெமோ வந்தது. வேலையெல்லாம் வாயால் சொல்லப்பட்டது. செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு மட்டும் எழுத்தில் வந்தது. அவர் மெமோவுக்குப் பதில் எழுதினார்: இதே போல வேலையையும் எழுத்தில் தந்தால் செய்துவிடுவேன். துணிச்சலாக எழுதவில்லை, அவருக்கு அது சாதாரணமாகப் பட்டது, எழுதிவிட்டார். அதிகாரி கொஞ்சநாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு வரி அனுப்ப ஆரம்பித்தார். முதலில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். அது வேண்டாம், டைப் செய்து அனுப்புங்கள் என்று இவர் கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் இவர் பக்கத்திலிருந்து ஒரு டிக் போகும். இப்போது அந்தப் பட்டியல் பிரிவில் உள்ள ஆறு பேருக்கும் போகிறது. யாரிடம் எதைச் சொன்னோம் என்பது தனக்கே மறந்துபோவதாக அதிகாரி ஒப்புக்கொண்டாராம்.

உரையின் எழுத்துப்படி வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. கேள்விகளை எழுந்து நின்றும் கேட்கலாம், சீட்டில் எழுதியும் அனுப்பலாம்.